கடலைப் பார்க்கவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம்? – கடலோரத் தொடக்கப் பள்ளியில் வெளிப்புறப் பாடம்

கரையோர ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஓர் ஊரில், ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில். வேலைக்கு வந்த பிறகுதான் கடலை அருகில் பார்த்தேன். எங்கள் பள்ளியின் பின்வாசலிலிருந்து நடந்தால் முந்நூற்றுப் பத்தாவது எட்டில் அலை காலைத் தொடும். அவ்வளவு பக்கத்தில் கடல் கிடக்க, கடலோர உயிர்களைக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன் என்பது ஒரு நாள் உறைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

சென்ற ஆண்டு ஜூலையிலிருந்து புதன்கிழமைதோறும் காலையில் இரண்டு பாடவேளைகளைக் கரையில் நடத்தத் தொடங்கினேன். முதல் நான்கு வாரமும் தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஓடினார்கள், கிளிஞ்சல் பொறுக்கினார்கள், கண்ணில் மண் விழுந்து இருவர் அழுதார்கள். வகுப்புக்குத் திரும்பி, பார்த்ததை எழுதச் சொன்னால், "கடலுக்குப் போனோம். அலை அடித்தது. மகிழ்ச்சியாக இருந்தது" என்று பதினெட்டு நோட்டிலும் அதே மூன்று வரி. தினமும் பார்க்கிற கடலைப் பற்றி அவர்கள் வேறு என்ன எழுதுவார்கள் என்று நான் யோசித்திருக்கவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரே ஒரு கேள்வியோடு போனோம்: பெரிய நண்டு வளை தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்குமா, தூரத்தில் இருக்குமா? வகுப்பிலேயே இரண்டு கட்சி பிரிந்துவிட்டது. கரைக்குப் போய் ஒவ்வொரு வளையின் வாயையும் அடிக்கோலால் அளந்து, நீர் விளிம்பிலிருந்து அது எத்தனை எட்டு தள்ளி இருக்கிறது என்று எண்ணினார்கள். நாற்பத்தாறு வளைகளைக் குறித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிட்டது. வளர்ந்த பையன் ஒருவனுக்கு இருபத்திரண்டு எட்டாக இருந்த தூரம் சின்னப் பெண் ஒருத்திக்கு முப்பத்தொன்றாக இருந்தது. "யாருடைய எட்டு சரி டீச்சர்?" என்று கேட்டார்கள். மீட்டர் என்று ஒன்று ஏன் வேண்டும் என்பதை நான் அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். ஒரு பிள்ளையும் அதைக் கேள்வியாகக் கேட்டதில்லை.

இப்போது எனக்கு இருக்கும் சிக்கல் வேறு. சென்ற மாதப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "கடலைப் பார்க்கவா டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம்? நாங்கள் கடலில் கிடந்து படுகிற பாடு போதும், பிள்ளையையாவது உள்ளே உட்கார்ந்து நாலு எழுத்து படிக்க வையுங்கள்" என்றார். பலரும் தலையசைத்தார்கள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகவே இன்னும் படுகிறது. இதைச் செய்து பார்த்தவர்களும் எதிர்ப்பவர்களும் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், தொண்டி:

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் உடனே கலாமின் கதையைச் சொல்லிவிடுவார்கள். நானும் சொல்லப் போகிறேன், ஆனால் வழக்கமாக விட்டுவிடுகிற பகுதியைச் சொல்கிறேன். 1931-இல் இராமேசுவரத்தில் பிறந்த அவர், ஐந்தாம் வகுப்பில் தம் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை எப்படிப் பறக்கிறது என்பதைக் கடற்கரையில் காட்டியதைப் பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். எல்லோரும் கடற்கரையை நினைவில் வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் அந்த ஆசிரியர் கரும்பலகையில் பறவையின் உடல், சிறகு, வால் எல்லாவற்றையும் வரைந்து விளக்கியதையும், புரிந்ததா என்று கேட்டபோது புரியவில்லை என்று பிள்ளைகள் ஒளிக்காமல் சொன்னதையும், அதன் பிறகே அவர் வகுப்பைக் கரைக்கு அழைத்துப் போனதையும் மறந்துவிட்டார்கள். புரியாத ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வகுப்பு கரைக்குப் போனது. உங்கள் முதல் நான்கு வாரத்தில் பிள்ளைகள் வெறுங்கையோடு போனார்கள்.

நான் முப்பத்து மூன்று ஆண்டுப் பணியில் வைத்துக்கொண்ட வழக்கம் எளியது. புறப்படும் முன் ஒரு கேள்வி பலகையில் எழுதப்பட வேண்டும்; ஒவ்வொருவரும் தம் ஊகத்தை நோட்டில் எழுதிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். நாற்பது நிமிடத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. திரும்பியதும் ஊகத்துக்குக் கீழே கண்டதை எழுத வேண்டும். ஊகம் தவறிய பிள்ளைதான் அதிகம் எழுதும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

வெளியில் பாடம் என்பது நமக்குப் புதுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதித்தான் அரிச்சுவடி படித்தார்கள். 1789-இல் சென்னை ஆண் அனாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், அப்படி ஒரு பள்ளியில் மணலில் எழுதும் பிள்ளைகளைக் கண்டு, அந்த முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அதனோடு சேர்த்து, 1797-இல் அவர் இங்கிலாந்தில் எழுதி வெளியிட, அது அங்கே மெட்ராஸ் முறை என்றே பரவியது. நம் மணல் கப்பலேறிப் போய்வந்தது. நாம்தான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம்.

திருவாடானை ஆசிரியர்:

மூத்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் எதிர்த்துப் பேசப் போகிறேன்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாளும் 800 கற்பித்தல் மணி நேரமும் இருக்க வேண்டும். புதன்தோறும் ஒன்றரை மணி நேரம் கரைக்குப் போனால் ஆண்டில் ஏறத்தாழ நாற்பது வாரத்துக்கு அறுபது மணி நேரம் ஆகிறது. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்ததே, பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் கிடந்த பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் கைநழுவிப் போனதால்தான். மூன்றாம் வகுப்பில் ஒரு பத்தியைத் திக்காமல் படிக்க முடியாத பிள்ளையை நண்டு வளை அளக்க அழைத்துப் போவது எனக்கு நெருடுகிறது. அந்தத் தாய் கேட்டது இதைத்தான்.

இரண்டாவது, ஈராசிரியர் பள்ளியில் ஓர் ஆசிரியர் வெளியே போனால் மற்றவர் மூன்று வகுப்பையும் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் என்ன நடக்கும்? மூன்றாவது, வெயில். நம் மாவட்டத்தில் பத்தரை மணிக்கு மேல் மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. நான்காவது, தண்ணீர், ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை. பதினெட்டுப் பிள்ளைகளில் நடக்க இயலாத பிள்ளை ஒன்று இருந்தால் அதை வகுப்பிலேயே விட்டுவிட்டுப் போவீர்களா? இவற்றுக்கு விடை வைத்துக்கொண்டு போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நாட்டுப்படகுக்காரர்:

நான் ஆசிரியன் அல்லன். எட்டாம் வகுப்போடு நின்றவன், பாம்பன் பக்கம் தொழில் செய்கிறேன். இரண்டு பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் படிக்கிறார்கள்.

டீச்சர், நீங்கள் தொடங்கிய மாதமே தப்பு. ஜூலையில் தென்கடல் பக்கம் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். காலை ஒன்பது, பத்துக்கு மேல் காற்று கிளம்பிவிட்டால் மணல் பறந்து கண்ணைத் திறக்க விடாது. உங்கள் பிள்ளைகள் அழுதது அதனால்தான். அந்தக் காலத்தில் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வடக்கிலிருந்து வாடையும் கிழக்கிலிருந்து கொண்டலும் வரும்போது கதை தலைகீழாகும்: வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கும். தனுஷ்கோடியில் நின்றால் ஒரு பக்கம் ஆண் கடல், மறுபக்கம் பெண் கடல் என்பார்கள். ஆனால் எந்தப் பக்கம் எப்போது சீறும் என்பதைக் காற்றுத்தான் சொல்லும். இதை உங்கள் வகுப்பில் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். நீங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

அந்தத் தாயின் பேச்சுக்கு வருகிறேன். என் மனைவியும் அதையேதான் சொல்வாள். என் மகனுக்குக் கடலை நான் கற்றுக்கொடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். எனக்குத் தெரியாததை நீங்கள் அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். கரையில் மீன் ஏலம் நடக்கும்போது வியாபாரி வாயாலேயே கணக்குப் போட்டுக் காசை எண்ணி வைப்பார். நானும் வாங்கி மடியில் கட்டிக்கொள்வேன். முப்பத்தேழு கிலோ காரல் மீன், கிலோ நாற்பது ரூபாய், நூற்றுக்கு ஐந்து கழிவு என்றால் எனக்கு எவ்வளவு வர வேண்டும் என்று என் மகன் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். அவன் அதைச் சொன்னால், நீங்கள் வாரம் மூன்று நாள் கரையில் பாடம் நடத்தினாலும் நான் கேட்க மாட்டேன்.

எட்டுச் சண்டையைப் படித்துச் சிரித்தேன். நாங்கள் கடலின் ஆழத்தைப் பாகத்தில் சொல்வோம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். என் பாகமும் என் அண்ணன் பாகமும் ஒன்றல்ல. அவர் ஐந்து பாகம் என்ற இடம் எனக்கு ஐந்தரை வரும்.

கரையோர ஆசிரியை:

அண்ணே, 1480-இல் 74 கழித்தால் 1406 ரூபாய். இந்தக் கணக்கை உங்கள் பதிவிலிருந்து அப்படியே எடுத்து இன்று ஐந்தாம் வகுப்பில் கொடுத்தேன். பதினொரு பேரில் நான்கு பேர் சரியாகச் செய்தார்கள். வழக்கமாகக் கணக்கில் பின்தங்கும் ஒரு பையன் முதலாவதாக முடித்தான். அவன் நூற்றுக்கு ஐந்தைப் பத்தில் பாதியாக மனத்தில் போட்டிருக்கிறான். எங்கே கற்றாய் என்றேன். அவன் பாட்டி தலையில் கூடை சுமந்து மீன் விற்பவர்.

காற்றைப் பற்றி நீங்கள் சொன்னது என்னை வெட்கப்பட வைத்தது. நான்காம் வகுப்பில் தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று என்று நான் நடத்துவேன். அவர்கள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். நேற்று பலகையில் நான்கு திசையை வரைந்துவிட்டு, ஒவ்வொரு பக்கமிருந்தும் வரும் காற்றுக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் என்று கேட்டேன். கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று அரை நிமிடத்தில் பலகை நிறைந்துவிட்டது. எந்தக் காற்றில் எந்த மீன் படும், எந்தக் காற்றில் அப்பா கடலுக்குப் போக மாட்டார் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் பாடநூலின் பெயர்களை எழுதியபோது பாடம் தானாக முடிந்துவிட்டது. இதற்கு வகுப்பை விட்டு வெளியே போகவே தேவைப்படவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், தொண்டி:

திருவாடானைத் தம்பிக்கு: சட்டம் கற்பித்தல் மணி நேரம் என்றுதான் சொல்கிறது, அது நான்கு சுவருக்குள் நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த அறுபது மணி நேரத்தில் கணக்கும் மொழியும் அறிவியலும் நடந்தால் அவை கழிக்கப்பட்ட நேரம் ஆகாது. நடக்காவிட்டால் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் திக்கிப் படிக்கும் பிள்ளையைப் பற்றி நீங்கள் எழுதியதை என்னால் எளிதாகத் தள்ள முடியவில்லை. என் அனுபவத்தில் அத்தகைய பிள்ளைக்குப் பாடநூலின் பத்தியைவிடத் தன் கையால் எழுதிய நான்கு வரியை வாசிப்பது எளிதாக இருந்தது. ஆகவே வெளியே போய்வந்த மறுநாள் முதல் வேலை, அவரவர் எழுதியதை உரக்கப் படிப்பது என்று வைத்திருந்தேன். எல்லாப் பிள்ளைக்கும் அது பயன்பட்டது என்று சொல்ல மாட்டேன்.

நண்டைப் பற்றி ஓர் இடைச்செருகல். நெய்தல் திணைப் பாட்டுகளில் பெண்கள் மணலில் அலவனை ஆட்டி விளையாடுவது திரும்பத் திரும்ப வரும்; அலவன் என்பது நண்டு. ஐந்தாம் வகுப்புக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லி வையுங்கள், மேல் வகுப்பில் உதவும்.

கடல்வளத் தன்னார்வலர்:

நான் கரையோரப் பள்ளிகளுக்குச் சுற்றுச்சூழல் வகுப்பு எடுக்கப் போவதுண்டு. எல்லோரும் நல்லதைப் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வருவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதல் பதிவில் "கிளிஞ்சல் பொறுக்கினார்கள்" என்ற இடத்தில் எனக்குத் திக்கென்றது.

மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அதைச் சூழ்ந்து 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகமாக இருக்கிறது. பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கரையில் செத்து ஒதுங்கிய பவளத் துண்டாக இருந்தாலும் அதை எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. சில சங்கு, சிப்பி வகைகளும் அந்தப் பட்டியலில் உள்ளன; எது எது என்பது பிள்ளைக்கும் தெரியாது, நமக்கும் பார்த்த உடனே சொல்ல வராது. ஆகவே கரையிலிருந்து எதையும் எடுத்து வராமல், இருந்த இடத்திலேயே வரைந்துவிட்டு வருவது என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டால் போதும். வரைகிற பிள்ளை, எடுத்து வருகிற பிள்ளையைவிட நன்றாகவும் பார்க்கும்.

தை மாதத்திலிருந்து பங்குனி முடிய அதிகாலையில் போனால் ஆமைத் தடம் கிடைக்க வாய்ப்புண்டு. அந்தச் சிற்றாமைக்கே பங்குனி ஆமை என்றுதான் பெயர். ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இட்டுவிட்டுப் போகும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சும் குறைந்தால் ஆண் குஞ்சும் அதிகமாகும் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். குழியைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

கரையோர ஆசிரியை:

நீங்கள் இதை ஓர் ஆண்டு முன்னால் எழுதியிருக்கலாம். எங்கள் வகுப்பின் அறிவியல் மூலையில் ஒரு பையன் கொண்டுவந்த பவளத் துண்டை, மூளை போல மடிப்பு மடிப்பாக இருந்ததால், கண்ணாடிக் குவளையில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருந்தேன். பார்வையிட வந்த ஒருவர் அதைப் படம் எடுத்துக்கொண்டு, இது எங்கிருந்து வந்தது என்று அந்தப் பையனையே கேட்டார். அவன் முகம் வெளுத்துவிட்டது. அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்களா என்று மாலையில் என்னிடம் வந்து கேட்டான். எழுத்தில் விளக்கம் கொடுத்து, மன்னிப்பும் கேட்டு, அந்தத் துண்டை ஒப்படைத்தேன். தப்பு அவனுடையது அல்ல. மூன்று வாரம் அவன் கரைக்கு வரும் நாளில் மட்டும் விடுப்பு எடுத்தான்.

பாசி எடுக்கும் அம்மா (மகள் தட்டச்சு செய்கிறேன்):

என் அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவருக்கு எழுதப் படிக்க வராது. இந்த உரையாடலை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

அம்மா சொல்வது: நான் பத்து வயதிலிருந்து கடலில் பாசி எடுக்கிறேன். மரிக்கொழுந்து ஒரு வகை, கட்டக்கோரை ஒரு வகை, கஞ்சிப்பாசி ஒரு வகை. மரிக்கொழுந்து கல்லில் ஒட்டி இருக்கும். கையால் பறித்தால் விரல் கிழியும் என்று துணி சுற்றிக்கொள்வோம். வேரோடு பிடுங்கினால் அடுத்த தடவை அங்கே வராது, நுனியைத்தான் எடுக்க வேண்டும். இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. டீச்சர் கூப்பிட்டால் வந்து சொல்வேன், ஆனால் பிள்ளைகளைத் தண்ணீருக்குள் இறக்க மாட்டேன். கல்லில் சிப்பி ஒட்டிக் கத்தி மாதிரி இருக்கும், சொறி மீன் உடம்பில் பட்டால் தீயாக எரியும். பாசியைக் கரையில் காயப் போடும் இடத்துக்கு வந்தால் போதும். ஈரத்தில் ஒரு சாக்கு பாசி எவ்வளவு எடை, காய்ந்த பிறகு எவ்வளவு எடை என்று நிறுத்துப் பாருங்கள். எங்களுக்குக் காய்ந்த எடைக்குத்தான் காசு.

நான் சேர்த்துக்கொள்வது: கூட்டத்தில் எழுந்து பேசிய அந்தத் தாயைப் போலத்தான் அம்மாவும் என்னைப் பாசிக்கு வரவிடாமல் படிக்க வைத்தார். இப்போது மதுரையில் செவிலியராக இருக்கிறேன். எந்தப் பாசிக்கு என்ன பெயர் என்பதை இன்றுதான் முதல்முறையாக அவரிடம் கேட்டேன்.

திருவாடானை ஆசிரியர்:

ஈர எடையும் காய்ந்த எடையும் நல்ல பாடம். அதை நானே எடுத்துக்கொள்வேன். எங்கள் ஊரில் கடல் இல்லை, மிளகாய்க் களம் இருக்கிறது. முண்டு மிளகாயைப் பழுத்ததும் ஒரு தடவை, உலர்ந்ததும் ஒரு தடவை நிறுக்கலாம். ஆனால் என் கேள்விகளுக்கு இன்னும் விடை வரவில்லை. குறிப்பாக நடக்க இயலாத பிள்ளை. என் வகுப்பில் அப்படி ஒருவன் இருப்பதால்தான் கேட்கிறேன்.

கரையோர ஆசிரியை:

சார், தாமதத்துக்கு வருந்துகிறேன். எங்கள் மூன்றாம் வகுப்பிலும் சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண் இருக்கிறாள். அடுத்த ஆண்டு என் வகுப்புக்கு வருவாள். மணலில் சக்கரம் புதைந்துவிடும். அதனால் வெளிப்புறப் பாடம் என்றாலே கரை என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, மாதத்தில் இரண்டு வாரம் பள்ளி வளாகத்துப் பூவரச மரத்தடியில் நடத்துகிறேன். மூன்றாம் வகுப்பும் அப்போது சேர்ந்துகொள்வதால் மற்ற ஆசிரியைக்கும் சுமை குறைகிறது.

அப்படி நடத்தியதில் ஒன்றைச் சொல்கிறேன். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு கம்பை நேராக நட்டு, பதினொன்றரையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் கூழாங்கல் வைத்தோம். நிழல் எப்போது மிகவும் குட்டையாகும் என்று கேட்டதற்கு எல்லோரும், நான் உட்பட, 12 மணி என்றுதான் எழுதியிருந்தோம். 12-க்கும் நிழல் குறைந்துகொண்டே போனது. 12.15-ஐ ஒட்டி அது ஏறத்தாழ மறைந்தே போய், கம்பின் காலடியில் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருந்தது. பள்ளிக் கடிகாரம் பழுது என்று ஒரு பையன் தீர்ப்புச் சொன்னான். கடிகாரம் சரியாகத்தான் இருந்தது. இந்திய நேரம் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கக் கோட்டுக்குக் கணக்கிடப்பட்டது. நாம் அதற்கு மூன்று பாகைக்கு மேல் மேற்கே இருக்கிறோம். பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் நமக்கு உச்சிப்பொழுது பிந்துகிறது. நிழல் மறைந்தது, ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் முடிவிலும், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவதால். இதை அன்று இரவு நான் தேடிப் படித்துவிட்டு மறுநாள்தான் சொன்னேன். கூழாங்கல்லை வைத்தவள் அந்தச் சக்கர நாற்காலிப் பெண்ணின் தோழி. எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னவள் நாற்காலியில் இருந்த அந்தப் பெண்.

கழிப்பறை, தண்ணீர்: கரை என்றால் முப்பத்தைந்து நிமிடம் மட்டும், ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி, எல்லோருக்கும் செருப்பு. காலை உணவு முடிந்த கையோடு புறப்பட்டுப் பத்து மணிக்குள் திரும்பிவிடுகிறோம். பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து இரண்டு தாய்மார் துணைக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர், கூட்டத்தில் என்னைக் கேள்வி கேட்ட அதே அம்மா. மனம் மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். "என் பிள்ளை தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொள்ளத்தான் வருகிறேன்" என்று சொல்லிவிட்டே வருகிறார். மற்ற ஆசிரியைக்கு விடுப்பு என்றால் அன்று வெளியே போவதில்லை. இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

திருவாடானை ஆசிரியர்:

விடை கிடைத்தது. வாரந்தோறும் என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. மாதம் இரண்டு என்றால் என் பள்ளியில் தொடங்கிப் பார்க்கலாம். தேர்த்தங்கால் கண்மாய் எங்களுக்கு எட்டும் தூரமா என்று பார்க்க வேண்டும்; வலசைப் பறவை வரும் காலத்தில் ஒரு நாள் போய்வர எண்ணம்.

கடல்வளத் தன்னார்வலர்:

தேர்த்தங்காலும் சக்கரக்கோட்டையும் 2025-இலும், சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இலும் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. மழை பெய்து கண்மாய் நிறைந்த ஆண்டில் மட்டும் போங்கள். வறண்ட ஆண்டில் சீமைக் கருவேலத்தைத்தான் எண்ண வேண்டியிருக்கும். கூடு கட்டும் மரத்துக்குப் பக்கத்தில் போகாமல் கரையில் நின்றே பாருங்கள். சதுப்புநிலக் காடு பார்க்க வேண்டுமென்றால் தொண்டிப் பக்கம் காரங்காடு இருக்கிறது. மழை நாளுக்கு மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் காட்சியகம் உண்டு. 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை அந்த நிறுவனத்தின் தலைமையிடமே மண்டபம்தான்.

நாட்டுப்படகுக்காரர்:

டீச்சர், எங்கள் பக்கம் ஒரு யோசனை. 2016 முதல் பாம்பனிலிருந்து கடல் ஓசை 90.4 வானொலி வருகிறது. காற்று நிலவரம், கடல் நிலவரம் எல்லாம் சொல்வார்கள். புறப்படும் முன் பிள்ளைகளை அதைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பிறகு கரையில் போய்ப் பார்க்கட்டும், சொன்னது சரியா என்று.

எட்டுச் சண்டைக்குப் பழைய வலைக்கயிறு ஒன்று கொடுத்தனுப்புகிறேன். என் மகன் மீட்டருக்கு ஒரு முடிச்சு என்று இருபது முடிச்சுப் போட்டிருக்கிறான். பதினான்காவது முடிச்சு கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. அவிழ்க்க வேண்டாம் என்கிறான், உங்கள் பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம்.

கரையோர ஆசிரியை:

கயிறு வந்து சேர்ந்தது, அண்ணே. வருகிற புதன்கிழமை அமாவாசைக்கு அடுத்த நாள். அன்று எட்டு மணிக்கே தண்ணீர் நன்றாக வற்றிவிடும், அது எங்களுக்கு முந்திய நேரம்; வற்றும் நேரம் நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே கணக்குப் போட்டு, வியாழன் அன்று ஒன்பது மணிக்குக் கிட்டப் போகலாம் என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாசி அம்மா அன்றைக்குக் காயப் போடும் இடத்தில் இருப்பாரா என்று அவர் மகள் கேட்டுச் சொன்னால் தராசையும் எடுத்து வருகிறோம். பதினான்காவது முடிச்சைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.